குவீன் ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்ட மிதிவண்டி



இம்முறை இலக்கணமும் தேர்வும் இல்லை. மிதிவண்டியைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன். காரணம் என் வீட்டிலேயே எழுந்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், நண்பர்கள் இருவருடன் மிதிவண்டியில் மலாக்கா வரை சென்றுவர வேண்டும் என்று ஒரு நாள் இரவுணவின்போது அறிவித்தான். கேட்டான் என்று எழுத எண்ணினேன். ஆனால் அவன் அறிவிக்கத்தான் செய்தான். மிதிவண்டியின் சட்டத்திலும் கைப்பிடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் பைகளைக் கட்டிக்கொண்டு, கூடாரமும் உடையும் உணவும் சுமந்து பல நாள் சுற்றுவதற்கு இக்காலத்தில் பைக்பேக்கிங் என்று பெயர். அதற்கு வேண்டியவை என்று இணையத்திலிருந்து அவன் எடுத்து வைத்திருந்த பட்டியலில் 42 பொருள்கள் இருந்தன.

நான் பதில் சொல்வதற்கு முன் என் தந்தையார் பதில் சொல்லிவிட்டார். "நான் மிதிச்சது போதாதா? நம்ம வீட்டுல இன்னொருத்தன் எதுக்கு மிதிக்கணும்?"

அவர் அப்படிச் சொன்னதற்குப் பொருள் உண்டு. அதனைப் பின்னர் எழுதுகிறேன்.

மறுப்பதற்கு முன் படித்துப் பார்ப்பது ஆசிரியர்களின் பழக்கம்; உடனே மறுக்க மனமில்லாத தாய்க்கு அது நல்ல சாக்காகவும் அமைகிறது. அத்துடன் வகுப்பறையில் முன்பொரு நாள் எழுந்த வினா ஒன்றும் என் மனத்தில் நெடுநாளாகக் கிடந்தது. பிப்ரவரி 15ஆம் நாளை நம் பள்ளிகளில் முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கிறோம் அல்லவா? அதனையொட்டி, ஜப்பானியப் படை மலாயா வழியாக மிதிவண்டியில் வந்ததைத் தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி கை தூக்கி, "டீச்சர், அவங்க வடக்கேயிருந்து வந்தாங்க. இங்கேயிருந்து யாராச்சும் சைக்கிள்ல வடக்கே போனாங்களா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கூறித் தப்பித்தேன். நம்மில் எத்தனை பேர் இத்தகைய கடன்களைத் திருப்பிச் செலுத்தியிருக்கிறோம்!

போனார்கள் என்பதே விடை. அதுவும் நம் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டிக் கால்மணி நேரம் நடந்தால் அடையக்கூடிய ஒரு தெருவிலிருந்து.

அந்த மனிதரிடம் செல்லும் முன், அவர் ஏறிய வண்டியின் சக்கரத்தைப் பற்றி ஒரு செய்தி. 1888ஆம் ஆண்டை ஆசிரியர்கள் வெண்பலகையில் இரண்டு முறை எழுதலாம். அவ்வாண்டில்தான் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மரச்சக்கரத்திலும் கட்டி ரப்பரிலும் உடல் குலுங்க ஓட்டிய வண்டி, அதன் பிறகே நெடுந்தொலைவுக்கு உகந்ததாயிற்று. அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். நம் பெரியவர்கள் பூமலை என்று அழைத்த அதே தோட்டம். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அங்கே நின்றிருந்தன. மரம் பட்டுப்போகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலிப் பெயரும் பெற்றார். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மலாயாவில் பால்மரக் காடுகள் எழுந்தன. அவற்றில் பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்தவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர்கள். உலகின் சாலைகளில் உருண்ட சக்கரங்களில் நம்மவர் விடியற்காலை உழைப்பு கலந்திருக்கிறது. இதனைப் பாடநூல் சொல்லுமோ சொல்லாதோ, நாம் சொல்லலாம்.

காற்றுச் சக்கரம் வந்ததும் உலகைச் சுற்றும் ஆசையும் வந்தது. 1894இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஆனி லண்டன்டெர்ரி என்னும் பெயரில் ஒரு பெண்மணி புறப்பட்டார்; மூன்று குழந்தைகளின் தாய். அவர் எடுத்துச் சென்றது மாற்றுடை ஒன்றும் முத்துச்சிப்பிப் பிடி போட்ட கைத்துப்பாக்கி ஒன்றும் என்பர். 1895இல் அவர் நம் துறைமுகத்தையும் தொட்டுச் சென்றார். ஆனால் கிழக்கு நாடுகளில் அவர் பயணம் பெரும்பாலும் நீராவிக் கப்பலில்தான் நடந்தது. மிதிவண்டியும் அவருடன் கப்பலேறியது. இதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காலத்தில் ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்டி மிதிவண்டியில் ஏறியதே பெரும் தொலைவு.

இந்தியாவிலிருந்து முதலில் கிளம்பியவர்கள் பம்பாயைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள். 1923 அக்டோபர் 15ஆம் நாள் புறப்பட்டார்கள். பாரசீக, அரேபியப் பாலைகளையும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கடந்து, 1928 மார்ச்சில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை முடித்து ஊர் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவஹர்லால் நேரு முன்னுரை தந்தார்.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

ராம்நாத் பிஸ்வாஸ் ஒரு வங்காளி. 1894இல், அன்றைய சில்ஹெட் மாவட்டத்தின் பனியாசோங் என்னும் பேரூரில் பிறந்தவர். இப்போது அவ்வூர் வங்கதேசத்தில் உள்ளது. தந்தையார் மறைந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மோட்டார்ப் பட்டறை ஒன்றில் வேலை செய்தபோது வண்டி ஓட்டவும் மிதிவண்டி விடவும் கற்றார். விடுதலைப் புரட்சியாளர் குழுவோடு தொடர்பு ஏற்பட்டதால் வேலை போயிற்று. முதல் உலகப் போரில் வங்காளப் படைப்பிரிவில் சேர்ந்து மெசபடோமியா சென்றார். 1924இல் பிரிட்டிஷ் கடற்படை சார்ந்த வேலை கிடைத்து மலாயாவுக்கு வந்தார். அதாவது, பெரும் செல்வரும் அல்லர், பெரும் படிப்பாளியும் அல்லர். பிழைப்புக்காக இப்பகுதிக்கு வந்த ஆயிரக்கணக்கானோருள் ஒருவர். நம் தாத்தாக்களைப் போன்றவர்தாம்.

1931 ஜூலை 7ஆம் நாள் அவர் சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட்டிலிருந்து தம் மிதிவண்டியில் உலகப் பயணம் புறப்பட்டார். அவரை வழியனுப்ப இங்கு வாழ்ந்த இந்தியர்கள் அத்தெருவில் கூடினார்கள். அத்தெரு இந்தியர்களுக்குப் புதியதன்று. 1912 முதல் பல்லாண்டுக் காலம் சீக்கியர்களின் குருத்துவாரா அங்கேதான் இருந்தது. ராம்நாத்திடம் இருந்த பொருள்கள்: ஒரு சோடிச் செருப்பு, இரண்டு போர்வை, வண்டியின் பின்னால் பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. உலகைச் சுற்றும் 'இந்துப் பயணி' என்னும் பொருள்பட வண்டியில் எழுதியிருந்தார்கள். அக்காலத்தில் கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட அமெரிக்காவில், இந்தியாவிலிருந்து வந்தவர் எச்சமயத்தவராயினும் 'இந்து' என்றே அழைக்கப்பட்டனர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

மகனின் 42 பொருள் பட்டியலுக்கு அருகில் இந்தப் பட்டியலை எழுதி வைத்தேன். மூன்று வரியில் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருபுறம் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் திருப்பப்பட்டவர்கள்; மறுபுறம் இருந்த வேலையையும் விட்டுவிட்டு உலகைப் பார்க்கக் கிளம்பிய ஒருவர். குவீன் ஸ்திரீட்டில் அன்று கூடியவர்களுள் எத்தனை பேர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வடக்கே செல்லும் சாலைவழி ஒன்றே: 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர்க் கடற்பாலம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம். அதற்கு முன் ஜோகூர் செல்லப் படகுதான். மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று ராம்நாத்தின் முதல் பயணம் நீண்டது. பிறகு கனடா. அந்நாளில் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் ஆசியர் நுழைவதைச் சட்டங்களால் தடுத்துவந்தன. 1914இல் 'கொமகட்டா மாரு' கப்பலில் சென்ற 376 பேருள் மிகப் பெரும்பாலோர் வான்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டது அனைவரும் அறிந்த வரலாறு. சக்கரம் எங்கும் உருளும். அதன் மேல் அமர்ந்திருப்பவரின் நிறத்தைப் பார்த்தே கதவுகள் திறந்தன. 1934இல் ஊர் திரும்பியவர் அதே ஆண்டு மீண்டும் கிளம்பி, ஆப்கானிஸ்தான், பாரசீகம், துருக்கி வழியாக ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டன் வரை சென்றார். 1938இல் மூன்றாம் முறையாக ஆப்பிரிக்காவுக்குச் சென்று, பின்னர் அமெரிக்காவையும் பார்த்து, 1940இல் திரும்பினார். கண்டவற்றையெல்லாம் வங்காள மொழியில் நூல் நூலாக எழுதினார். நாடு பிரிந்தபின் பிறந்த ஊர் வேறு நாட்டில் சேர்ந்துவிட, கல்கத்தாவில் வாழ்ந்து 1955இல் மறைந்தார். உலகத்தைச் சுற்றியவருக்குச் சொந்த ஊர் அயல்நாடாயிற்று.

தமிழில் உலகப் பயணத்தை எழுதியவர் என்றால் நமக்கு ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வருவார். வர வேண்டியதுதான். ஆனால் நம் நகரத் தெருவிலிருந்து புறப்பட்ட இந்த வங்காளியை நம் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்குச் சற்று வருத்தம் தந்தது. சொல்லாதவர்களுள் நானும் ஒருத்தி.

இப்போது அந்தச் சிறுமியின் வினாவின் முற்பாதி. ராம்நாத் வடக்கே சென்று பத்தாண்டுகள் கழித்து, 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தென் சயாமின் சிங்கோரா, பட்டாணிக் கடற்கரைகளிலும் இறங்கியது. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவை 55 நாளில் கடந்து, 1942 ஜனவரி 31ஆம் நாள் ஜோகூர் பாருவை அடைந்தது. நாளொன்றுக்குச் சராசரி 20 கிலோமீட்டர். போரிட்டுக்கொண்டு, உடைக்கப்பட்ட பாலங்களைச் சீர்செய்துகொண்டு வந்த வேகம் இது. ஆற்றில் இறங்கியபோது வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டனர். அப்படையின் திட்ட அதிகாரியாக இருந்த மசானொபு சுஜி பின்னாளில் எழுதிய நூலில், வெயிலில் டயர்கள் வெடித்தபோது வீரர்கள் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அவ்வோசையைக் கேட்ட எதிர்ப்படையினர் டாங்கிகள் வருவதாக எண்ணிப் பின்வாங்கினார்கள் என்றும் குறிப்பிடுகிறார். எதிர்ப்படையில் இருந்தவர்களுள் பெரும் பகுதியினர் இந்திய வீரர்கள்.

மாணவர்கள் இந்த டயர்க் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதனோடு நிறுத்திவிடக் கூடாது. அவ்வண்டிகளுள் பல வழியிலிருந்த மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. போருக்கு முன் மலாயாவில் ஜப்பானிய மிதிவண்டிகள் மலிவாகப் பரவியிருந்ததால், உதிரிப் பாகங்களும் ஊர்தோறும் கிடைத்தன. தோட்டத்துக் கங்காணியின் வண்டி, கடைக்காரரின் வண்டி, பால்காரரின் வண்டி என எது அகப்பட்டதோ அது போயிற்று. அதே சாலைதான். இரண்டு போர்வையோடு போனவர் இருட்டியபின் யாரேனும் ஒருவரின் கூரையைக் கேட்டுத்தான் தங்கியிருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வந்தவர்கள் கேட்கவில்லை.

ஒருவரின் மிதிவண்டியைப் பறித்தால் என்ன போகிறது என்பதை எனக்கு விளக்கியவர் என் தந்தையார்.

அவர் 1960களின் இறுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மிதிவண்டியில் ரொட்டி விற்றவர். ஓவன் ரோடு, ரங்கூன் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு, கம்போங் ஜாவா. காலை நான்கு மணிக்கு ரொட்டி ஆலையில் சுடச்சுட வாங்கி, பின்னாலிருக்கும் பெரிய பெட்டியில் அடுக்கி, மணியடித்துக்கொண்டு கிளம்புவார். பிற்பகலில் மீண்டும் ஒரு சுற்று. சிராங்கூன் ரோட்டுப் பகுதியில் அந்நாளில் பால்காரரும் ரொட்டிக்காரரும் கச்சாங் பூத்தே விற்றவரும் இப்படிச் சுமந்தவர்கள்தாம். பழைய வண்டி ஒன்றைச் சுங்கை ரோட்டுச் சந்தையில் வாங்கியதாகச் சொல்வார். 2017 ஜூலையில் அச்சந்தை மூடப்பட்ட அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. பள்ளி விடுமுறையில் அவ்வண்டியின் முன்குழாயில் என்னை உட்கார வைத்து ஒரு சுற்று அழைத்துப் போவார். எனக்கு அது உலகப் பயணம். அவருக்கு அது வேலை. மழை நாளில் பெட்டிக்குத் தம் சட்டையைக் கழற்றிப் போர்த்தியவர் அவர். விளையாட்டாக யாரேனும் மிதிவண்டி மிதிக்கிறார்கள் என்பதை அவரால் ஏற்க முடிந்ததே இல்லை.

எனக்கும் அவர் கற்றுத் தரவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்பது ஒன்று; நீ படி என்பது மற்றொன்று. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் படித்தேன். 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்து ஊர்ப்பெண்களுக்குக் கற்பிக்கச் செய்தார். கல்குவாரித் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். எழுத்தும் சக்கரமும் ஒரே பாடத்திட்டத்தில் இருக்கலாம் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் நான் மிதிவண்டி கற்றது என் முப்பத்து மூன்றாம் வயதில், கிழக்குக் கடற்கரைப் பூங்காவில், ஆறு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டிச் சென்றுகொண்டிருக்கையில்.

ஆகவே மகனுக்கு நான் விதித்த நிபந்தனை இது: மலாக்கா இப்போது வேண்டா. முதலில் இங்கேயே மூன்று நாள், இரண்டு இரவு. அதில் நானும் வருவேன். அவன் முகம் போன போக்கை இங்கே வருணிக்க மாட்டேன்.

திட்டம் எளியது. முதல் இரவு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில். அங்கே கூடாரமிட அனுமதிச் சீட்டு முன்கூட்டியே பெற வேண்டும். இரண்டாம் நாள் கடலோரப் பூங்கா இணைப்புப் பாதையில் சாங்கி முனை, அங்கிருந்து படகில் புலாவ் உபின், இரவு ஜெலுத்தோங் முகாம் இடத்தில். மூன்றாம் நாள் வீடு. ஒருவழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை, நமக்கு அவை தேவையும் இல்லை. மார்ச் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கூடாரத்தை ஒரு மணி நேரத்தில் குளமாக்கிவிடும்.

கிளம்புவதற்கு முதல்நாள் மாலை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டிகளில் பைகளைக் கட்டிப் பார்த்தோம். மகனின் சுமையைக் குளியலறைத் தராசில் நிறுத்தியபோது 17 கிலோ. வண்டியை விட்டதும் முன்சக்கரம் எழும்பிப் பின்புறமாகச் சாய்ந்தது. கல் இருக்கையில் அமர்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தந்தையார் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துத் தரையில் பரப்பினார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று பேரனைக் கேட்டார். சொல்ல முடியாதவை ஒருபுறம் போயின. மடக்கு நாற்காலி போயிற்று. இரண்டாவது காலணி போயிற்று. மூன்று விளக்குகளில் இரண்டு போயின. மின்னேற்றிகள் ஒன்றாகச் சுருங்கின. தண்ணீர் மட்டும் கூடியது. பழுதுபார்க்கும் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதில் ஒரு உபரி டியூபும் ஒட்டுப் போடும் பசையும் இருப்பதைக் கண்டு தலையசைத்தார்.

பிறகு கட்டினார். கனமானது கீழே, சக்கர அச்சுக்கு அருகில், இலேசானது மேலே. ரொட்டிப் பெட்டியின் இரகசியம் அதுதானாம்: பெட்டி பார்வைக்குப் பெரிது, ஆனால் ரொட்டி கனமில்லை, கனமான கயாப் புட்டிகளும் பால் டின்களும் அடித்தட்டில். இருபுறமும் ஒரே எடை. ஆடவே கூடாது, ஆடினால் மேட்டில் வண்டி உன்னை ஓட்டும், நீ வண்டியை ஓட்ட மாட்டாய் என்றார். மேட்டில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை என்றும், கால் முழுதும் நீளாத உயரத்தில் இருக்கையை வைத்தால் முட்டி போய்விடும் என்றும் சொன்னார். பைக்பேக்கிங் கையேடுகள் பல பக்கங்களில் சொல்வதை அவர் கால்மணி நேரத்தில் சொல்லி முடித்தார். கடைசியாக வீட்டுக்குப் போய், பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய கறுப்பு ரப்பர்ப் பட்டைகள் சிலவற்றைக் கொண்டுவந்து, மகனின் பையை இழுத்து இழுத்துக் கட்டினார். அப்பட்டைகளை அவர் எத்தனை ஆண்டுகளாக எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. சுமை 10 கிலோவுக்கு வந்திருந்தது.

என் வண்டிக்கு நான் கடையில் விலை கொடுத்து வாங்கிய புதிய பட்டை இருந்தது. "எனக்கு வேணாம்ப்பா, இது நல்ல பட்டை" என்றேன். பெடோக் படகுத்துறையைத் தாண்டிய சிறிது நேரத்தில் அதன் கொக்கி தெறித்து, பை சரிந்து சக்கரக் கம்பிகளில் சிக்கியது. விழவில்லை, விழாதது நற்பேறு. மகன் தன் வண்டியிலிருந்து ஒரு ரப்பர்ப் பட்டையை அவிழ்த்துக் கட்டித் தந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

மற்றபடி பெரும் சாகசம் ஒன்றும் நிகழவில்லை. முதல் இரவு கொசுக்கடி. விமானங்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தன. இரண்டாம் நாள் உபின் மண்பாதையில் இரண்டு மேடுகளில் நான் இறங்கித் தள்ளினேன். மதிய வெயிலில் ஓட்டக் கூடாது, விடியற்காலையில் முடித்துவிட வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்தோம். ரொட்டிக்காரர் நேரம்தான் சரியான நேரம். இரவு, தீவின் இருட்டில், பிள்ளைகள் மூவரும் ராம்நாத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு போர்வையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினார் என்று ஒருவன் கேட்டான். ஒன்று விரிக்க, ஒன்று போர்த்த என்று மற்றொருவன் விளக்கினான். எனக்கு அதுவரை தோன்றாத விடை.

ஊர் திரும்பிய மறுவாரம் மகனும் நானும் குவீன் ஸ்திரீட்டுக்கு நடந்து சென்றோம். தேசிய நூலகக் கட்டடத்துக்கு மிக அருகில்தான் அத்தெரு. எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஜோகூர் பாரு பேருந்துகளுக்காகவே பல ஆண்டுகளாக மக்கள் அறிந்துவந்த தெரு. 1931ஐ நினைவூட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தச் சிறுமி இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுடைய தாயாரிடம் விடையைச் சொல்லி அனுப்பினேன். மலாக்கா பற்றி இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் இல்லத்துப் பெரியவர்களுள் மிதிவண்டியில் பால், ரொட்டி, செய்தித்தாள் விற்றவர்கள் இருப்பின், அவர்கள் எந்தத் தெருக்களில் சுற்றினார்கள், எப்படிச் சுமை கட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதட்டும். எனக்கும் ஒரு படி அனுப்பினால் மகிழ்வேன்.

என் தந்தையார் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்த அன்று மாலை கீழே இறங்கி வந்து, இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் சுழற்றிப் பார்த்தார். பிறகு பேரனிடம் கை நீட்டி, "டியூப் ரப்பர் எங்கே? எண்ணிக் கொடு" என்றார்.